பொட்டலத்தில் வந்த முகம்

செய்தித்தாள் துண்டு ஒன்று, நாலாக மடித்தது. மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து வந்த அந்த அம்மா அதை மேசையில் வைத்தபோது விபூதிப் பொட்டலம் என்றுதான் நினைத்தேன். பிரித்தால் மண் நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள். அது அவர் புருஷன் முகம். நான் வரைந்தது.

அப்போது எனக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு பிரேம் கடையில் வேலை. செத்தவர்களை பேஸ்டலில் வரைந்து கண்ணாடி போட்டுக் கொடுப்போம். பேஸ்டல் என்பது வண்ணத்தூளைக் குச்சியாக்கியது, அவ்வளவுதான். தாளில் சொரசொரப்பு இருந்தால்தான் பிடித்துக்கொள்ளும். முதலாளிக்கோ வழவழப்பான தாள்தான் வேண்டும். கண்ணாடிக்குள் பளிச்சென்று இருக்குமாம். நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வரைந்தேன். டவுன்காரர்கள் சுவரில் மாட்டியதை அசைக்காததால் அதுவரை தப்பித்தோம். இந்தப் படம் மலைப் பாதையில், பஸ்ஸுக்குள் சாமான் வைக்கும் மேல்தட்டில் போனது. வளைவுக்கு வளைவு குலுங்கி, வாயும் கன்னமும் உதிர்ந்து கீழ்ச் சட்டத்தில் கிடந்திருக்கின்றன. அடுத்த நாள் காலையிலேயே அந்த அம்மா திரும்பி வந்துவிட்டார். அதற்கு மறுநாள் கருமாதி. நகம் அளவு மங்கிய போட்டோ ஒன்றைத் தவிர அந்த மனிதருக்கு வேறு படம் கிடையாது.

“தப்பு எம்மேலதாங்க. மடியில வச்சிக்கினு போயிருக்கணும், மேல போட்டுட்டேன். இத கீழ கொட்ட மனசு வரல, எடுத்தாந்துட்டேன்” என்றார்.

முதலாளி தூளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆமாம்மா, படம்னா பத்திரமா எடுத்துக்கினு போவணும்” என்றார், கூசாமல். மறுபடி வரைந்து தருகிறேன் என்று மட்டும் நான் சொன்னேன்.

மூன்று மணிக்கு மலைக்குப் பஸ். இரும்புக் கடைக்கு ஓடினேன். ஆசாரிகள் மரம் தேய்க்கும் உப்புத்தாளில் எல்லா ரகமும் எடுக்கச் சொன்னேன்.

“இன்னாங்க, கதவா, கட்டிலா?” என்றார் கடைக்கார பாய்.

“மூஞ்சி வரையணும் பாய்.”

“ஷேவிங் பண்ணாத மூஞ்சியா?”

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. ஒவ்வொன்றிலும் குச்சியை இழுத்தேன். முரட்டுத் தாள் குச்சியைத் தின்றது. அதில் கண் வரைய முடியாது. மிக நைசானது நாலு இழுப்பில் நிரம்பி, ஐந்தாவதைத் தள்ளிவிட்டது. நடு ரகம் ஒன்று, பழுப்பு நிறம். ஊதினேன், பின்பக்கம் தட்டினேன், கல்லாப் பெட்டியில் ஓங்கி அடித்தேன். கோடு அப்படியே நின்றது.

“பொட்டி உடைஞ்சிடும்ங்க” என்றார் பாய்.

அந்தத் தாளோடு திரும்பி வந்து வரைய உட்கார்ந்தேன். விரலால் தேய்க்கத் தேய்க்க என் கட்டைவிரல் தோல் உரிந்தது. அந்த அம்மா எதிரே உட்கார்ந்து, “காது இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி மடங்கியிருக்கும்” என்பார். திருத்துவேன். முடிக்கும் நேரத்தில் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“இதையும் அதுலயே சேத்துடுங்க.”

எல்லா நிறமும் கலந்த சேறு அது. முகத்தில் போட்டால் முகம் கெட்டுவிடும். தோளின் நிழலில் வைத்துத் தேய்த்தேன், மிச்சம் வைக்காமல்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். படத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தூக்கிப் போட்டாலும் இனி அது உதிராது. சொல்லியிருக்கலாம். தாள்தான் தப்பு, நாங்கள்தான் தப்பு, நீங்கள் இல்லை என்று. பஸ் கிளம்பும்வரை நேரம் இருந்தது. முதலாளி காதுக்குப் போய்விடுமோ என்று பயந்து நின்றேன்.

இன்று எனக்குச் சொந்தக் கடை. வழவழப்பான தாளில் வரைந்து கொடு என்று யார் கேட்டாலும் வேறு கடைக்குப் போகச் சொல்கிறேன், பெரிய யோக்கியன் மாதிரி. அந்தச் செய்தித்தாள் துண்டு என் மேசை இழுப்பறையில் காலியாகக் கிடக்கிறது. மடிப்பில் மட்டும் கொஞ்சம் மண் நிறம். அன்றைக்கு அந்த அம்மா கம்பியைக்கூடப் பிடிக்காமல், வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டே, படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருப்பார். தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு.