விழப்போகும் மீன் ஜாடி

வீட்டுக்குள் காலை வைத்ததும், அந்தப் பெண் என் மூக்குக்கண்ணாடியை ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றிக்கொண்டு அறையின் அடுத்த மூலைக்குப் போனாள். கையிலிருந்த போனை ஒரு கணம் என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு மறைத்துக்கொண்டாள். என்ன தெரிந்தது என்று கேட்டாள். ஏதோ பழுப்பாக, சேறு மாதிரி என்று இழுத்தேன்.

"அது உங்க கேம்தாண்ணா" என்று சொல்லிக் கண்ணாடியைத் திருப்பித் தந்தாள்.

வீட்டுக்கு வருகிறவர்களை அவள் இப்படித்தான் வரவேற்கிறாள். ஓரிருவர் சேர்ந்து வீட்டிலிருந்தே செய்கிற சின்ன வீடியோ கேம்களுக்கு, இணையக் கடையில் வைக்க அட்டைப்படம் அமைத்துத் தருவது அவள் தொழில். எங்கள் கூட்டத்தில் அவளுக்குப் பெயர் தீப்பெட்டி. எவ்வளவு பெரிய படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். நேரிலேயே அப்படிக் கூப்பிடுகிறோம், கோபித்துக்கொள்வதில்லை.

அவளிடம் ஒரு ஓட்டை அட்டை இருக்கிறது. கடையின் பக்கத்தை அப்படியே அச்சடித்துத் தடித்த அட்டையில் ஒட்டி, நடுவில் ஒரு படத்தின் இடத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்திருக்கிறாள். அந்த ஓட்டைக்குப் பின்னால் போனைப் பிடித்தால் நம் படம், வாளும் நெருப்புமாக நிற்கிற அக்கம்பக்கத்துப் படங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழிக்கும். எங்கள் படம் முழித்ததை நான் பார்த்தேன். வீட்டுப் பெரிய திரையில் ராஜா மாதிரி இருந்த படம் அது.

எங்கள் கேமின் பெயர் 'நத்தை லாரி'. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை முதுகில் அடுக்கிக்கொண்டு, மேடு பள்ளமெல்லாம் தாண்டி, எதுவும் உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது ஒரு நத்தை. கணினிக்கான கணக்கும் கட்டளையும் எழுதியது நான், படங்கள் எல்லாம் என் மனைவி. அட்டைக்கென்று அவள் வரைந்த படத்தில் பாலம் உண்டு, மழை உண்டு, ஊரே உண்டு, நத்தையின் முதுகில் ஒரு குடும்பத்தின் சாமான் அத்தனையும் உண்டு. ஒவ்வொரு நாற்காலியின் பிரம்புப் பின்னலையும் எண்ணி எடுக்கலாம். கடையில் வைத்தோம். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

என் மனைவி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிற ரகம் இல்லை. என் படத்தால்தான் இப்படி ஆயிற்று, வேறு யாரையாவது வரையச் சொல்லியிருக்கலாம் என்று துணி மடித்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். கணினியில் வரையும் வரைபலகையையும் பேனாவையும் அலமாரியில், மடித்த போர்வைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். கேம் போனால் போகிறது, இன்னொன்று செய்துகொள்ளலாம். அவள் இனி வரையவே மாட்டாளோ என்றுதான் பயந்தேன். அந்தப் பயத்தில்தான் அவளைக் கெஞ்சிக் கூத்தாடித் தீப்பெட்டியின் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

சேறு என்ற வார்த்தை என் வாயிலிருந்தே வந்ததும் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கட்டிய கணவனே இப்படிச் சொன்னால் யார்தான் நிமிர்வார்கள்? தீப்பெட்டி கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கேமை ஆடிப் பார்க்க வேண்டும் என்றாள். விளையாடாமல் அட்டைக்குக் கை வைப்பதில்லை என்பது அவள் பிடிவாதம். காலை மடித்து நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் டீ ஆறிப்போக, கேமுக்குள் வருகிறவர்களோடெல்லாம் பேசிக்கொண்டே ஆடினாள். "இருடா செல்லம், மெதுவா ஏறு" என்று நத்தைக்கு ஒரு சொல். கரைந்துகொண்டு வந்த காக்கைக்கு, "உனக்கு இங்க என்ன வேலை, கிளம்பு."

பாலத்தின் மேட்டில் சாமான்கள் ஒரு பக்கம் சரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் ஒரு தங்க மீன். ஜாடி ஆடியது. தீப்பெட்டியின் இடது கை விசைப்பலகையை விட்டுத் தாவித் திரைக்கு அடியில் ஏந்தி நின்றது. கையைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள்.

பிறகு எங்கள் அட்டைப்படத்தைத் திறந்து பெரிதாக்கிக்கொண்டே போனாள். அதே ஜாடி மேல் மூலையில் கடுகு மாதிரி இருந்தது. இன்னும் பெரிதாக்கியபோது மீனின் கண் தெரிந்தது. மிரண்டு போன கண். அதை வரைந்தது எனக்கே தெரியாது.

"இதை யாருக்கும் தெரியாம ஒளிச்சு வெச்சிருக்கீங்களேக்கா" என்றாள். "கடைக்கு வர்றவன் இதைப் பார்த்தா நகர மாட்டான்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மற்றவர்கள் எல்லாரும் வாளும் நெருப்பும் போடுகிறார்களே, நாமும் காக்கையைக் கொஞ்சம் பெரிதாக, பயங்கரமாகப் போட்டால் என்ன என்று கேட்டேன். சண்டை போட வருகிறவன் உள்ளே நத்தையைப் பார்த்துவிட்டு நம்மைத் திட்டிவிட்டுப் போவான், நத்தையை விரும்புகிறவனோ காக்கையைப் பார்த்து வாசலோடு திரும்பிவிடுவான் என்றாள். அதற்குமேல் என்னைப் பேச விடவில்லை. நான் ஆசை ஆசையாகப் போட்டிருந்த கொடி கொடியான தலைப்பு எழுத்தையும் தூக்கிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் முகம் தொங்கியது, மறைப்பானேன்.

அட்டையை இனி அவளே வரைந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ தன் பேனாவை என் மனைவியின் பக்கம் தள்ளினாள். மனைவி என்னைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். இப்போதெல்லாம் கை வருவதில்லை என்று முணுமுணுத்தாள்.

"அந்தக் கண்ணை என்னால வரைய முடியாதுக்கா. நீங்கதான் வரையணும்."

வரைந்தாள். மழை போயிற்று, பாலம் போயிற்று, ஊர் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் தீப்பெட்டி, "நீ அடுத்த படத்துல வா" என்று மரியாதையாக விடை கொடுத்தாள். நத்தையும், சாய்ந்த சாமான் கோபுரமும், உச்சியில் விளிம்பைத் தாண்டிவிட்ட மீன் ஜாடியும் மிஞ்சின. பின்னால் கருநீலம், மீன் மட்டும் ஆரஞ்சு. வழக்கப்படி மூலையில் மனைவி போட்ட கையெழுத்தைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. தீப்பெட்டி அளவில் அது எழுத்தாகத் தெரியாது, தூசியாகத்தான் தெரியும் என்று அழிக்கச் சொன்னாள். மனைவி மறுபேச்சின்றி அழித்தாள்.

கடைசித் தீர்ப்பு தீப்பெட்டியின் அம்மாவிடம். அதுவும் அம்மா வெங்காயம் நறுக்கும்போதுதான் காட்டுவாள். கண் கலங்கியிருக்கும், கவனம் கத்தியில் இருக்கும். கடைக்கு வருகிறவர்களும் பாதிக் கவனத்தில்தான் பார்க்கிறார்களாம். மூவரும் சமையலறைக்குப் போனோம். தீப்பெட்டி ஓட்டை அட்டைக்குப் பின்னால் போனைப் பிடித்து அம்மாவின் முன்னால் நீட்டினாள். அம்மா நிமிர்ந்தார். கத்தியைப் போட்டுவிட்டு ஈரக் கையை ஏந்திவிட்டார்.

"அடியே, விழுந்துடப் போகுது!"

என் மனைவி வெங்காயம் நறுக்கவில்லை. ஆனாலும் அவள் கண்ணும் கலங்கியது.

புது அட்டை கடையில் ஏறிய பிறகு கூட்டம் முண்டியடித்தது என்று புளுக மாட்டேன். ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் இருந்து ஆடினார்கள், இன்றும் வருகிறார்கள். அந்த மீனைக் காப்பாற்றத்தான் வாங்கினேன் என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். மனைவி அதை எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினாள். வரைபலகை போர்வைக்கு அடியிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது. இதற்கு நான் தீப்பெட்டிக்கு எப்படி நன்றி சொல்ல? வாயால் சொன்னால் போதாது என்று கேமின் முடிவில் 'அட்டைப்படம்' என்று போட்டு அவள் பெயரை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினோம். படம் அக்காவுடையது, நான் கத்தரிக்கோல்தான் என்று சொல்லி, என் கையிலிருந்த மடிக்கணினியை வாங்கித் தன் பெயரை எடுத்துவிட்டு மனைவியின் பெயரைத் தட்டினாள்.

அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், இதுவரை செய்த அட்டைகள் எல்லாம் தீப்பெட்டி அளவில் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. எதிலும் கையெழுத்து கிடையாது. எங்கள் மீன் ஜாடியையும் அச்செடுத்து, வெட்டி, காந்தத்தால் நிறுத்தினாள். பிறகு மேசை இழுப்பறையைத் துழாவி, இருப்பதிலேயே மெல்லிய பேனா ஒன்றையும், அம்மா செய்தித்தாள் படிக்கிற பூதக்கண்ணாடியையும் எடுத்து வந்தாள்.

பேனாவை என் மனைவியிடம் கொடுத்தாள். "இப்பப் போடுங்கக்கா கையெழுத்து."

மனைவி குனிந்து எழுதி முடிக்கும் வரை, தீப்பெட்டி பூதக்கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்தபடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.