தெருக்கோடியில் நின்ற அந்தோணி

செவ்வாய்க்கிழமை காலை பெருநகர் கிராமத்துக்குப் போகிற பஸ் என் அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே கத்தினார்: "சார், நம்ம செயின்காரர் அந்தோணி பூட்டாரு சார், வெடியக்காலைல!" விசில் ஊதியது, பஸ் போய்விட்டது. அந்தோணி இறந்த செய்தி எனக்கு வந்தது இப்படித்தான்.

உத்திரமேரூரில் மனை வாங்கி வீடு கட்டிய உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மனை பிரிக்கிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. எனக்கு அளவுச் சங்கிலி பிடித்தவர் அந்தோணி. உங்கள் வீட்டு மூலைக்கல்லைக் காலால் மண் தள்ளிக் காட்டிய ஒல்லியான ஆள் அவர்தான். புது மீட்டர் சங்கிலி வந்த சமயத்தில், அடியை மீட்டராக்கத் தெரியாமல் நான் தாளும் பென்சிலுமாகத் திணறிக்கொண்டிருந்தேன். அவர் நிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு நடை போய்வந்து ஓர் எண்ணைச் சொன்னார். சங்கிலி போட்டுப் பார்த்தால் ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. "சங்கிலி வெயில்ல நீளும் சார். என் காலு இன்னாத்துக்கு நீளப் போவுது?" என்று சிரித்தார்.

அந்தக் கால் ஊருக்குச் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுத வந்தேன். அது என் தப்பிலிருந்து தொடங்குகிறது.

ஐம்பதுகளின் நடுவில் ஊர் தெற்கே பெருகத் தொடங்கியது. ஆபீஸ் வேலைக்கு வந்தவர்கள், வாத்தியார்கள், மில் வைத்தவர்கள் எல்லோருக்கும் வீடு வேண்டியிருந்தது. ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டு நிலங்களை மனையாக்கினார்கள். அப்படி ஆக்கிய ஒருவரை முதலாளி என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். நிலத்தின் கோடி வரைக்கும் தெரு விட்டால் ஒரு நல்ல மனை வீணாகிறதே என்று அவர் குறைப்பட்டார். அவர் மனம் குளிரட்டும் என்று நானும் தெருவின் கோடியில் குறுக்கே ஒரு மனையை வரைந்து அடைத்தேன். தாளில் அழகாகத்தான் இருந்தது.

அந்தக் கோடிக்கு அப்பால் இருந்தது கூலிக்காரர்களின் காலனி. அந்தோணியின் வீடும் அங்கேதான். அவர்கள் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்தது முதலாளி நிலத்து வரப்பின் வழியாக. அதை அடைத்தால் ஏரிக்கரையைச் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கரையில் முழங்கால் அளவு சேறு. பிள்ளைவலி கண்டவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அதில் எப்படி நடப்பது? நான் இதையெல்லாம் யோசிக்கவே இல்லை.

கல் நடப் போன அன்று அந்தோணி தாளை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், தெருவைப் பையாட்டம் தெச்சுட்டீங்க? பூந்த வாயிலயே திரும்பி வரணும். எங்க ஜனம் எப்பிடி வரும்?"

"முதலாளி நிலம் அந்தோணி. நான் என்ன செய்ய?"

அவர் கடப்பாரையை எடுத்தார். தன் ஜனத்தின் வழியை அடைக்கிற கல்லைத் தன் கையாலேயே நட்டார். ஓர் அங்குலம் பிசகவில்லை.

மனை பார்க்க ஆட்கள் வந்தார்கள். கோடி மனையைக் கேட்டவர் ஓர் அரிசி மில்காரர். நாங்கள் எல்லோரும் தெருவின் தலைப்பில் நின்றோம். "அந்த மனை எங்க கீதுன்னு போய் நின்னு காட்டுடா" என்றார் முதலாளி. அந்தோணி அளவுக்கொடியைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு நெடுக நடந்தார். கோடி மனையில், தெருவின் நட்டநடுவுக்கு நேராகக் கொடியை ஊன்றி, எங்களைப் பார்த்து நின்றார்.

மில்காரர் முகம் மாறிவிட்டது. "இன்னா முதலாளி இது, தெரு நேரா வந்து மனைய குத்துதே!"

அவ்வளவுதான். தெருக்குத்து விழுந்த மனையில் குடும்பம் விளங்காது என்ற பயம் நம் பக்கத்தில் யாருக்கு இல்லை? மனையின் வாசலைத் தாளில் பக்கவாட்டில் போட்டிருந்ததால் எனக்கும் முதலாளிக்கும் அது உறைக்கவே இல்லை. மில்காரர் வேண்டாம் என்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அந்த மனையின் பேச்சை எடுக்கவில்லை.

"நடுவுல ஏன்டா போய் நின்ன?" என்று முதலாளி கத்தினார்.

"நின்னு காட்டச் சொன்னீங்க, நின்னேன்" என்றார் அந்தோணி.

இனி அவனை என் நிலத்தில் பார்க்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். நானும் இரண்டு வருஷம் அவரைக் கூப்பிடவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் மாகறல் பக்கம் அறுப்புக் கூலிக்குப் போனார்.

கோடி மனையை யாரும் வாங்கவில்லை. காலனி ஜனம் அதன் வழியே நடந்தார்கள். பாதை விழுந்தது, பாதையில் வண்டி வந்தது, கடைசியில் முதலாளியே அலுத்துப்போய் அதைத் தெருவுக்கு எழுதிக் கொடுத்தார். கப்பி போட்டார்கள். காலனியைத் தாண்டியும் வீடுகள் எழும்பின. படித்தவர்கள் நாங்கள் ஆளுக்கொரு தாளை விரித்து ஊரை அடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மனிதர் சும்மா நின்றே ஊரைத் திறந்துவிட்டார். 

மறுபடி வேலைக்கு அழைத்த நாளில் கேட்டேன்: "நீ கிறிஸ்துவ வேதக்காரனாச்சே, உனக்குத் தெருக்குத்துல நம்பிக்கை உண்டா?"

"எனக்கு இல்ல சார். அவங்களுக்குக் கீதே."

புதன்கிழமை அவரை அந்தத் தெரு வழியாகத்தான் கல்லறைக்குக் கொண்டுபோனோம். அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி ஞானம்மா என்னிடம் வந்தார். "ஐயா, சாவுறதுக்கு மொத நாளு கூட ஒங்களத்தான் சொல்லிக்கினு இருந்தாரு. திருப்புலிவனம் ரோட்டாண்ட நீங்க மனை போடறீங்களாமே. அங்கயும் கோடி அடைபடுதாம். அந்தாண்ட முப்பது வூடு கீதாம். சாராண்ட சொல்லணும், சொல்லணும்னாரு. எந்திரிக்க முடியல."

அந்த வரைபடம் என் மேஜைமேல் பாதி முடிந்து கிடந்தது. இந்த முறை வாங்க வருகிறவர்கள் மெட்ராஸ்காரர்கள், தெருக்குத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் இல்லை. யாராவது வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. அந்தோணி என்னிடம் விட்டுப்போனது அதைத்தான். கோடியை அடைத்த கோட்டை நேற்றே அழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நிலக்காரர் வருகிறார். அந்தோணிக்காக ஜெபம் செய்கிறவர்கள் எனக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த நிலக்காரர் முன்னால் நான் நிற்க வேண்டும்.