தகர வேலியும் மாதா வந்த வழியும்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். வேலிக் கதைதான். ஆனால் அதற்குள் மாதாவும் வருகிறார், கழுதையும் வருகிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் பங்குச் சுவாமி என்ன நினைப்பாரோ என்று பயம். படிப்பும் குறைவு. நடந்தபடி எழுதுகிறேன், மாதா எங்கள் தாய், பொறுத்துக்கொள்வார்.

செபமாலை மாதத்தில் மாதாவின் சுருவம், அதாவது சிலை, எங்கள் ஊர் பள்ளிமுனையில் வீடு வீடாக வரும். அந்த முறை எங்கள் வீட்டு வளவில் பூத்த பூவால்தான் தாய்க்கு மாலை என்று என் மனைவி நேர்ந்து, மல்லிகையும் கனகாம்பரமும் நட்டு வைத்தாள். மன்னாரில் பூச்செடி வைப்பதென்றால் முதலில் கழுதைக்கு வேலி வைக்க வேண்டும். தெருவெல்லாம் அதுகள்தான்.

கிடுகு வேலி அடைத்தேன். பின்னிய தென்னோலை, காய்ந்ததென்றும் பாராமல் தின்றன. பிறகு பூவரசந் தடிகளை உயிர்வேலிக் கதியாலாக நட்டேன். அவை துளிர்த்தன.

"பூவுக்குக் காவல் கேட்டன். நீங்கள் கழுதைக்குத் தோட்டம் வைச்சிருக்கிறியள்" என்றாள் மனைவி.

கருக்கு மட்டை வேலி பனைமட்டையால் ஆனது, ஓரமெல்லாம் மரம் அரியும் வாளின் பல். அதை நம்பினேன். ஒரு கழுதை வந்து அதில் முதுகை உரசி, கண்ணை மூடிச் சுகம் கண்டது. மற்றவை பின்னால் முறைக்குக் காத்து நின்றன.

கடைசியில் தகரம். சுற்றிவர அடித்தேன். பக்கத்து வீட்டு அக்கா வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவே ஆள் நுழையும் இடைவெளி ஒன்று இருந்தது. பொட்டு என்போம். அதையும் மூடினேன். பூ குலுங்கியது.

மாதா வரும் நாள் காலையில் மழை கொட்டியது. பின்னேரம் வீட்டுக்கு முன் ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். மனைவி விடியவே செடியிலிருந்து ஆய்ந்தெடுத்த பூவில் ஒரு சாண் மாலை கட்டி மடியில் வைத்திருந்தாள், மீதியைச் சுருவம் வந்த பிறகு வாடாமல் ஆய்வதாக எண்ணம். பாட்டு நெருங்கி வந்து, தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. சுருவம் அக்கா வீட்டிலிருந்து எப்போதும் பொட்டால்தான் வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தம்பி, மாதாவுக்கும் சேர்த்தே அடைச்சுப் போட்டீரோ?" அக்காவின் குரல்.

"ஒழுங்கையால சுத்தி வரேலாதோ அக்கா?"

"வெள்ளத்துக்குள்ள சறுக்கினால் சுருவத்துக்கு ஆர் பொறுப்பு? தகரத்தைக் கழட்டும். இல்லாட்டி தாய் இண்டைக்கும் என்ர வீட்டிலதான். எனக்குச் சந்தோசம்."

மனைவி பார்த்த பார்வையில் சுத்தியலை எடுத்தேன். அந்தப் பக்கம் செபமாலையின் ஒவ்வொரு மந்திரம் முடியவும் இந்தப் பக்கம் ஓர் ஆணி கழன்றது.

மாதா வந்தார். சனம் வந்தது. எல்லோருக்கும் பின்னால், அடக்கமாக, ஒரு கழுதையும் வந்தது. நாங்கள் விறாந்தையில் முழந்தாளில் இருந்தோம். அது செடியை முறிக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. செபத்தை நடுவில் விட்டு எழும்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை. முடித்துத் திரும்பினால் வெறும் தண்டு.

"தாயே, உமக்கெண்டு வளர்த்தது!" என்று மனைவி விம்மினாள்.

"அழாதை பிள்ளை" என்றார் அக்கா. "தாயையும் பாலன் யேசுவையும் எகிப்துக்குச் சுமந்த கழுதைச் சாதி. அந்தக் கூலியை இண்டைக்குத்தான் வாங்கியிருக்கு."

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். மடியிலிருந்த சாண் மாலை அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடுத்துச் சாத்தினாள்.

பொட்டை நான் பிறகு மூடவில்லை. குறுக்கே ஒரு தடி மட்டும் வைத்திருக்கிறேன்.

வாசிப்பவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், ஒரு சொல்லும் மாற்றாமல். கழுதை மாதாவின் கழுத்து மாலையையே தின்றதென்று அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அது பொய். சாண் மாலைதான், ஆனால் தாயின் கழுத்தில் இருந்தது. என் மனைவியின் நேர்த்தி நிறைவேறியது.