குடை, பை, அம்மா

தோழிகளே, நான்கு வயது செல்வி தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே. கல்லூரியில் படித்தவள் இல்லையா, எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இன்றைக்குத் திருவள்ளூர் டாக்டரிடம் காட்ட, வேப்பம்பட்டில் ரயில் ஏறினோம்.

ரயிலிலும் தொடங்கிவிட்டாள். "செல்வி, எறங்கறப்ப பாத்துக்கோ. குடை, பை, அம்மா. குடை, பை, அம்மா."

எதிரே உட்கார்ந்திருந்த மீன்காரம்மா கேட்டாள்: "இன்னாம்மா, கொயந்த தானா பேசிக்கினு கீது?"

எனக்கு மானம் போயிற்று. "வாயை மூடுடி" என்றேன். மூடிக்கொண்டாள்.

திருவள்ளூர் வந்தது. மீன்காரம்மா எழுந்து, "கூடை, கத்தி, சும்மாடு" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிவிட்டு இறங்கினாள்!

நாங்களும் இறங்கினோம். ரயில் நகர்ந்த பிறகுதான் பார்க்கிறேன், கையில் குடை இல்லை. அது அரக்கோணம் போய்க்கொண்டிருந்தது.

"ஏண்டி சொல்லல?"

"நீதானம்மா வாய மூடச் சொன்ன?"

மீன்காரம்மா சிரித்தாள். "கொயந்த நல்லாத்தான் கீது. மருந்து உனக்குத்தான் வோணும்."

டாக்டரைப் பார்க்காமலே திரும்பிவிட்டோம். இப்போது படுக்கப் போகுமுன், "அடுப்பு, தாழ்ப்பாள், செல்வி" என்று நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். அவள் அப்பா பேப்பரை இறக்கிவிட்டு என்னையே பார்க்கிறார்.

உங்களில் யாரெல்லாம் இப்படி? சீக்கிரம் கார்டு போடுங்கள். திங்கட்கிழமை என்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறாராம்.