ஒன்பது கேள்விக்குறிகளும் ஒரு டிரைவரும்

டேட்டாபேஸ் டிரைவர் தேடி அலைந்தவர்களுக்குச் சொர்க்கத்தில் தனி இடம் உண்டு என்று நம்புகிறேன். ஆனால் வெர்ஷன் ஒத்துவராமல் அங்கேயும் வாசலில்தான் நிற்போம். விஷயம் தெரியாத பாக்கியசாலிகளுக்காக ஒரு விளக்கம்: வலைச் செயலி ஒரு பக்கம், பேர் விவரமெல்லாம் கிடக்கும் டேட்டாபேஸ் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே நின்று பேசி முடிக்கும் தரகன்தான் டிரைவர். கேகாலையில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் மாடியில் உட்கார்ந்து இந்தத் தரகர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு.

பத்துக்கு ஒன்றும் இல்லை

கரவனெல்லப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மண் சரியக்கூடிய இடத்தில் இருக்கும் லயங்களிலிருந்து, அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளிலிருந்து, குடும்பங்களைப் புது வீடுகளுக்கு மாற்றப்போகிறார்கள். யார் யாருக்கு வீடு என்ற பட்டியலை வலைச் செயலியில் ஏற்றித் தர வேண்டும். பட்டியலில் பேர் இல்லை என்றால் வீடும் இல்லை. பேர்களெல்லாம் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில், ஒரு பழைய டேட்டாபேஸில் இருந்தன. அதைச் செய்துவைத்த புண்ணியவான் கத்தாரில் சௌக்கியமாக இருக்கிறாராம்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த டிரைவர் முப்பத்திரண்டு பிட், என் செயலி அறுபத்துநான்கு பிட். ஜாதகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூட இல்லை. "இது பழசுங்க, ஒத்துவராது" என்று பெரிய கிளாக்கர் நடராஜாவிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து வருசமா இந்த மெஷினு ஒரு நாள் லீவு எடுத்ததில்ல தம்பி. நீங்க வந்து ஒக்காந்த அன்னைக்குத்தான் மேலுக்கு முடியலைங்குது."

நானாவின் தொழில்நுட்பம்

புது டிரைவரை இறக்கிப் போட்டேன். என் செயலி ஓடியது. கிளாக்கர் கடிதம் அடிக்கும் மென்பொருள் படுத்துவிட்டது. புதியதைக் கழற்றினால் கடிதம் வரும், செயலி வராது. ஒரே வீட்டில் இரண்டு சம்சாரம் வைத்தவன் நிலைமை எனக்கு. தோட்டத்து அதிகாரியான தொரை கையெழுத்து வைக்க வேண்டிய கடிதங்கள் காத்திருந்ததால் தோற்றது நான்தான்.

கடை முதலாளி ரிஸ்வான் நானாவுக்குப் போன் போட்டேன். நானா கம்ப்யூட்டர் விற்பதில் சூரர். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்கிறவர் அல்ல. வெள்ளிக்கிழமை பட்டியல் தருவதாக அவர் வாக்குக் கொடுத்தாயிற்று. வேறு வழியில்லாமல் என் செயலியையும் முப்பத்திரண்டு பிட்டுக்கு இறக்கிப் பழைய டிரைவரோடு கட்டிவைத்தேன். "சரியான முறை இது இல்ல நானா" என்றேன். நானா சொன்னார்: "வெள்ளிக்கிழம ஜும்ஆ தொழுகைக்கு முந்தி ஓட வெச்சிருங்க தம்பி. ஓடுற சாமானப் பாத்து ஒத்தரும் முறை கேக்க மாட்டாங்க."

சோதனை வெற்றி

ஓடியது. "டெஸ்ட் ஒன்று", "டெஸ்ட் இரண்டு" என்று ஆங்கிலத்தில் பேர் போட்டுச் சோதித்தேன், அப்பழுக்கில்லை. இன்னொரு வேலையும் முடித்தேன். கல்யாணம் முடித்து அறை மாறுகிறவர்களுக்குப் பழைய பதிவை அழிக்காமல் புதிதாக ஒன்று போடுவது அந்த ஆபீஸின் வழக்கம். ஆகவே ஒரே லயத்தில் ஒரே பேர் இரண்டு முறை வந்தால் பட்டியலை ஏற்றும்போதே ஒன்றைத் தூக்கச் செயலிக்குச் சொல்லிவைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகுதான் நிஜப் பட்டியலைத் திறந்தேன். தமிழ்ப் பேர், சிங்களப் பேர் எல்லாமே வரிசையாகக் கேள்விக்குறி. பழைய தரகனுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியுமாம். தமிழும் சிங்களமும் தெரிந்த வேறொரு முப்பத்திரண்டு பிட் டிரைவரைத் தேடிப் பிடித்துப் போட்டதும் பேர்கள் உயிர்பெற்றன. பதறிப்போய் மன்னிப்புக் கேட்ட என்னைக் கிளாக்கர்தான் தேற்றினார். "தமிழ்ப் பேருக்கு நேரா கேள்விக்குறி போடுறது இந்த ஊருக்குப் புதுசா தம்பி?"

நாலாம் லயம்

வெள்ளிக்கிழமை பட்டியலை ஆபீஸ் வாசலில் ஒட்டினார்கள். திங்கட்கிழமை அது மேலிடத்துக்குப் போகும். சனிக்கிழமை காலை கடை மாடிக்கு ஓர் அம்மா ஏறி வந்தார். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர், பேர் செல்வராணி. நாலாம் லயம், சமைக்கிற குசினிச் சுவருக்குப் பின்னால் மண் பிளந்து கிடக்கிறது. பட்டியலில் அவர் பேர் இல்லை.

தேடிப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. இரட்டைப் பதிவுகளைத் தூக்கியது பேர்கள் கேள்விக்குறியாக இருந்தபோது. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் தனித்தனிக் கணக்கு; நாலாம் லயத்தில் பாக்கியம் என்ற பேருக்கு ஒன்பது கேள்விக்குறி, செல்வராணிக்கும் ஒன்பது. இரண்டும் ஒரே ஆள் என்று முடிவுகட்டி என் செயலி செல்வராணியை அழித்திருந்தது. டிரைவரை மாற்றிய நான், அழித்ததை மறுபடி பார்க்கவில்லை. விஷயத்தைத் தட்டுத்தடுமாறி விளக்கினேன். அம்மா கொதித்துப்போனார். "நானும் அவளும் ஒரே ஆளுங்களா? எட்டு வருசமா நாங்க பேசிக்கிறதே இல்லீங்க!"

வாய்விட்டுச் சிரித்திருப்பேன், அந்தக் குசினிச் சுவர் ஞாபகத்துக்கு வராமல் இருந்திருந்தால். வெட்கமாக இருந்தது. அவரை உட்காரவைத்து, முழுப் பட்டியலையும் முதலிலிருந்து எடுத்தேன். இன்னும் நான்கு குடும்பங்கள் அப்படியே காணாமல் போயிருந்தன. ஐந்து பேரையும் சேர்த்துக் கிளாக்கருக்கு அனுப்பினேன், பழையதைக் கிழித்துப் புதியதை ஒட்டிவிட்டதாக அவர் போனில் சொன்னார். செல்வராணி திரையில் தன் பேரை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். எழுந்து குடையை எடுத்தவர், படியில் நின்று திரும்பினார். "மழ வர்றதுக்குள்ள மறுபடியும் நாங்க கேள்விக்குறியா ஆகிற மாட்டோமே தம்பி?"

எந்த டிரைவர் பொருத்தமானது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது ஒன்றுதான்: பிட்டு கிட்டெல்லாம் கிடக்கட்டும், மண் சரியும் லயத்தில் குடியிருக்கும் ஒருவரின் பேரை முதலில் அதனிடம் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.