ஒண்ணு இன்னும் கரைக்கு வரலை

எங்கள் அலுவலகம் ராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. கடலுக்குப் போகிறவர்களின் போனுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் செயலியைச் செய்துகொண்டிருந்தோம். புரோகிராம் எழுதுவது நான். அதில் ஓட்டை தேடுவது, தங்கச்சிமடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் போகிறவர்.

நான் முன்கோபக்காரன். குறை சொன்னால் சுள்ளென்று ஏறும். அதுவரை, செயலியைச் சோதிக்கும் டெஸ்டுகள் தானாக ஓடி, முடிந்தவற்றின் ரிசல்ட் மட்டும் கடைசியில் ஒரு தாளில் வரும்; என் தப்பு எங்கள் இருவருக்குள்ளேயே முடிந்துவிடும். இந்த அம்மா என்ன செய்தார், சுவரில் ஒரு டிவியை மாட்டி, ஒவ்வொரு டெஸ்டும் ஓட ஓட அதில் தெரியும்படி செய்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்தால் 'கடலில்'. தேறினால் பச்சையில் 'கரை'. தோற்றால் சிவப்பில் 'கவுந்துச்சு'. டீ கொண்டுவருகிறவர்கூட, இன்றைக்கு எத்தனை கவிழ்ந்தது என்று என்னிடமே விசாரிப்பார். மானம் போயிற்று. ஒரு வாரம் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

செயலியை வெளியிடும் நாள் வந்தது. மறுநாள் அவர் வீட்டுக்காரரின் படகு உட்பட ஊர்ப் படகுகள் அதை நம்பிக் கடலுக்குப் போகும். திரையில் ஒரு சிவப்புகூட இல்லை. அப்பாடா என்று மவுஸில் கை வைத்தேன்.

"அண்ணே, பொறுங்க. ஒண்ணு இன்னும் கரைக்கு வரலை."

கடைசி வரியில் 'கடலில்' என்று ஒன்று அப்படியே நின்றது. கவிழவில்லையே, வந்துவிடும், விடுங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

"எங்க ஊருல வந்த படகை எண்ண மாட்டோம்ணே. வராததத்தான் கேப்போம்."

திறந்து பார்த்தேன். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில், 'உடனே கரை திரும்புங்கள்' என்ற செய்தி போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. என் புரோகிராம் செய்தியைத் தொலைத்துவிட்டு, வராத பதிலுக்காகச் சும்மா காத்துக் கிடந்தது. பழைய ரிசல்ட் தாளில் தேறியதும் தோற்றதும் மட்டும்தான் இருக்கும்; இது கண்ணிலேயே பட்டிருக்காது. என்ன மூளை இந்த அம்மாவுக்கு என்று அசந்துபோனேன். மன்னிப்பும் கேட்டேன்.

சரிசெய்து மறுபடி ஓட்டினோம். சாயங்காலம் அந்த வரியும் 'கரை' என்று மாறியது. அவர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"நாளைக்குப் போனை எடுத்துட்டே போங்க. அது கூப்பிட்டா திரும்பிருங்க."