எடைக்கல் அத்தான் வாங்கிய எஸ்.எஸ்.டி.

என் அக்கா கணவருக்கு ஊர் வைத்த பெயர் எடைக்கல். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கை சுத்தமான மனிதர். ஆனால் அந்தச் சுத்தமான கை எதையும் சும்மா வாங்கிக்கொள்ளாது. சர்க்கரைப் பொட்டலம் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அவருடைய மேசைத் தராசில் ஏறி இறங்க வேண்டும். அந்தத் தராசையும் அவர் நம்புவதில்லை. அதைச் சோதிக்கத் தனியாக ஒரு பெட்டி பித்தளை எடைக்கற்கள் வைத்திருக்கிறார். வெளியே கிளம்பும்போது அக்கா கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போடுவாள். பாதிப் படி இறங்கிய அத்தான் திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். இரவு தாழ்ப்பாளுக்கும் இதே மரியாதைதான். நானோ கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மைத்துனன். அவர் கணக்கில், இன்னும் பிடிபடாத திருடன்.

அக்கா பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறாள். படுக்கையறை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக், தெருச் சத்தம் வராமல் இருக்க ஜன்னலில் ஒரு போர்வை. இந்த முறை அவளுக்கு வந்தது புவியியல். பரீட்சைக்கு முன் மொத்தப் பாடமும் போய்ச் சேர வேண்டும். அதைக் கேட்டுத்தான் அந்தப் பிள்ளைகள் எழுதப்போகிறார்கள். முதல் பாடத்தை மாதிரிக்கு அனுப்பினாள். கேட்ட மாணவி ஒருத்தி போன் செய்து, "பாடம் நல்லா இருக்கு மேடம். ஆனா பின்னாடி யாரோ கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க. திறந்து விட்டுடுங்களேன், பாவம்" என்றாளாம்.

தட்டியது கதவை அல்ல. கம்ப்யூட்டருக்குள் பதிவுகளைச் சேமித்து வைக்கும் பழைய ஹார்ட் டிஸ்க். அது டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தால் ஆயுள் முடியப் போகிறது என்று அர்த்தம். அதற்குப் பதிலாக இப்போது போடும் எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பாகம் கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அத்தான் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"அதுல உனக்கு என்ன கிடைக்கும்?"

"அக்காவோட ஆசீர்வாதம் கிடைக்கும், அத்தான்."

"சரி. அது போக?"

மறுநாள் கடைக்கு வந்தார். நான் மூன்றை எடுத்து வைத்தேன். "விலை கூடினது வேகம் கூட. ஆனா உங்க பழைய மெஷின்ல அந்த வேகம் எடுபடாது, காசுதான் தண்டம். அடிமாட்டு விலைக்கு வர்றதைத் தொடவே வேண்டாம். நடுவுல இருக்கறது அக்காவுக்குப் போதும். வாரண்டியும் இருக்கு" என்றேன். அவர் நான் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. நடுவில் இருந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்தார்.

"என்ன இது, அப்பளம் மாதிரி இருக்கு? உள்ளே ஏதாவது இருக்கா, இல்லையா?"

அங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "உள்ளே சின்னதா ஒரு சர்க்யூட் பலகை இருக்கும், அத்தான். மிச்சம் காலிதான். எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான்."

"காலிப் பெட்டியை விக்கிறேன்னு நீயே சொல்றே. ரொம்ப சந்தோஷம்." எழுந்து போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் அக்கா கூப்பிட்டாள். போனால், மேசைத் தராசில் ஒரு எஸ்.எஸ்.டி. உட்கார்ந்திருந்தது. டார்ச் லைட்டும் சார்ஜரும் குவித்து விற்கும் நடைபாதைக் கடையில் வாங்கியிருக்கிறார். நான் காட்டியதைப் போல நான்கு மடங்கு கொள்ளளவு, பாதி விலை. எவனையும் நம்பாதவர் அந்த நடைபாதைக்காரனை எப்படி நம்பினார் என்று எனக்குத் தலை சுற்றியது. விஷயம் இதுதான். அவன், "சந்தேகமா இருந்தா எடை போட்டுப் பாருங்க சார்" என்று தானே சொல்லியிருக்கிறான். அத்தானின் வாழ்க்கையிலேயே அப்படி அழைத்த முதல் வியாபாரி.

"தூக்கிப் பாரு மாப்ளே. உன்னோடதைவிட மூணு மடங்கு கனம். சரக்கு இருந்தாத்தானே கனம் இருக்கும்?"

"இந்த விலைக்கு இவ்வளவு கொள்ளளவு வரவே வராது, அத்தான். கடைக்குக் குடுங்க, சோதிச்சுட்டுத் தர்றேன்."

"உன் கடைக்கா? உள்ளே இருக்கறதை மாத்திட்டுத் தருவே. இங்கயே, என் கண் முன்னால மாட்டு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பொறாமையில் பேசுகிறேன் என்று வேறு அக்காவிடம் முணுமுணுத்தார். எக்கேடாவது கெடுங்கள் என்று மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். கோபத்தில் செய்த வேலைதான், அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் ஜோராக ஓடியது. தட்டும் சத்தம் நின்றது. அக்கா ஆறுகளையும் மலைகளையும் ஒவ்வொன்றாக வாசித்து முடித்துக்கொண்டு வந்தாள். அத்தான் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மாப்ளே, காலிப் பெட்டி வியாபாரம் எப்படிப் போகுது?" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

பதிவுகளைக் கொடுக்க வேண்டிய வாரம் வந்தது. ஒரு நாள் காலையில் அத்தானிடமிருந்தே போன். குரலில் பழைய அதிகாரம் இல்லை. "மாப்ளே, பாடத்தோட பேரெல்லாம் திரையில இருக்கு. அமுக்கினா குரல் வரலே. கொஞ்சம் வாயேன்."

சோதித்துப் பார்த்தேன். நான் பயந்தது சரி. அது இருப்பதாகச் சொன்ன இடத்தில் முப்பதில் ஒரு பங்குகூட உள்ளே இல்லை. நிரம்பும் வரை ஒழுங்காக நடந்திருக்கிறது. நிரம்பிய பிறகு, வாங்கிக்கொள்வது போல் நடித்து, பழைய பாடங்களின் மேலேயே புதியவற்றை எழுதியிருக்கிறது. கழற்றித் திருகுகளை எடுத்தேன். உள்ளே ஒரு மலிவான மெமரி கார்டு. அதன் பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு.

அத்தான் அந்த இரும்பைப் பெயர்த்தெடுத்துத் தராசில் வைத்தார். எண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தராசுத் தட்டுக்கு அடியில ஈயத்தை ஒட்டி விக்கிறவனை எல்லாம் தட்டைக் கவுத்துப் பாத்துப் பிடிச்சவன்டா நான். அதே பசை. அதே வேலை." பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "அவ வாசிச்சதெல்லாம் போச்சா?"

"இதுல இருந்து எடுக்க முடியாது, அத்தான்."

ஏன், எப்படி, நிச்சயமா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் சொன்னதை அவர் அப்படியே நம்பியது அதுவே முதல் தடவை. எனக்கு அது சந்தோஷமாக இல்லை.

அக்கா அதுவரை வாசற்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். உள்ளே போய்த் தன் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்து திறந்தாள். அதில் ஒரு பென் டிரைவ்.

"ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் இதுலயும் போட்டு வச்சேன். எல்லாம் இருக்கு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் ரோஷமும் கூடவே வந்தது. "இது என் கடைச் சரக்கு இல்லையே! எங்கே வாங்கினே?"

"உன்கிட்ட வாங்கினா மறுநாளே இவர்கிட்ட உளறிடுவே."

அத்தான் அவளைப் பார்த்தார். "அப்போ நான் வாங்கினதை நீ முதல் நாள்லேருந்தே நம்பலையா?"

"நம்பலே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லே?"

"நான் பூட்டின கதவை இத்தனை வருஷமா திரும்பப் போய் இழுத்துப் பாக்கறீங்களே. என்னிக்காவது என்கிட்ட சொல்லிட்டா இழுத்தீங்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்பதைப் போலத்தான் சொன்னாள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் முன்னால் எனக்கு அப்படித் தோன்றும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சற்றுப் பொறுத்து, "மாப்ளே, அந்த லேசானதையே எடுத்துட்டு வா" என்றார்.

கொண்டு வந்தேன். இந்த முறை அவர் கண் முன்னாலேயே முழுக்கச் சோதித்துவிட்டு மாட்டினேன். அவர் எடை போடவில்லை. தராசில் அந்த இரும்புத் துண்டு அப்படியே இருந்தது. பென் டிரைவிலிருந்து பாடங்கள் எல்லாம் ஏறி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசிப் பாடம் பாக்கி இருக்கிறது, வாசிக்க வேண்டும் என்று அக்கா என்னைக் கிளப்பினாள். நான் வெளியே வந்ததும் உள்ளே அக்கா தாழ்ப்பாளைப் போட்டாள்.

வழக்கமாக அடுத்த நொடி அத்தான் வந்து இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்கும். படியில் நின்றேன். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. திரும்பப் போய்க் கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தேன்.

"யாரது?" உள்ளேயிருந்து அத்தான்.

"நான்தான். சரியா பூட்டியிருக்கான்னு பாத்தேன்."



"அவ பூட்டினா பூட்டினதுதான். நீ வீட்டுக்குப் போ."